தண்ணீருக்குள் தலைநிமிர்ந்த தென்னை

ஒரே கணினி, இரண்டு தண்ணீர்

ஒரு மடிக்கணினியில் விண்டோஸும் இருக்கிறது, லினக்ஸும் இருக்கிறது. ஒரே விளையாட்டை இரண்டிலும் போட்டுப் பார்க்கிறீர்கள். விண்டோஸில் ஆற்று நீர் மினுங்குகிறது. கரை மரங்கள் அதில் தலைகீழாக அசைகின்றன. கணினியை நிறுத்தி, லினக்ஸில் தொடக்கி, விளையாட்டுக்குள் அதே கரையில் போய் நிற்கிறீர்கள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நீலம் அப்பிய வெறும் பரப்புக் கிடக்கிறது. திரை மாறவில்லை, கிராபிக்ஸ் கார்டு மாறவில்லை, விளையாட்டும் மாறவில்லை. பிரதிபலிப்பு மட்டும் எங்கே போனது?

இந்தக் கேள்வி லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளின் மடியிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. எங்கள் மட்டக்களப்பு அமிர்தகழிப் பக்கத்திலும் பழைய கணினியை மீட்டெடுக்க லினக்ஸ் போடும் பெடியள் சில நாட்களிலேயே இந்தத் தண்ணீரிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். “லினக்ஸ் கேமுக்குச் சரிவராது” என்று யாராவது சொல்ல, கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது.

அந்தப் பதில் பிழை. 2012 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் ‘லெஃப்ட் 4 டெட் 2’ என்ற தன் விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவந்த கதையை வெளியிட்டது. முதல் முயற்சியில் வினாடிக்கு 6 படங்கள்தான் வந்தன. குறைகளைத் தேடித் தேடித் திருத்திய பிறகு அதே கணினியில் 315 வந்தது. அப்போது விண்டோஸில் அதே விளையாட்டுக்குக் கிடைத்தது 270.6. லினக்ஸுக்கு வலு குறைவில்லை. அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, தண்ணீர் எப்படித் திரைக்கு வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வட்டில் தண்ணீர் இல்லை

சினிமாவில் வரும் ஆறு முன்பே எடுத்து முடித்த படம். எந்தத் தியேட்டரில் ஓட்டினாலும் அதே ஆறு. விளையாட்டு அப்படியில்லை, அது எங்கள் வடமோடிக் கூத்துப் போன்றது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கையில் இருப்பது கொப்பி மட்டுந்தான். கூத்து ஒவ்வொரு முறையும் களரியில்தான் பிறக்கிறது. களரியும் ஆட்களும் மாறினால் அதே கொப்பியை வைத்துக்கொண்டு புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும்.

விளையாட்டின் வட்டில் இருப்பதும் கொப்பிதான். மரம் எங்கே, கரை எங்கே, தண்ணீரின் மட்டம் எவ்வளவு, ஒளி எந்தப் பக்கம் என்ற விவரங்களும், அவற்றை நிறமாக்கும் சிறு நிரல்களும். ஷேடர் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சிறு நிரலை இனி ‘நிறநிரல்’ என்கிறேன். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறநிரல் ஒருமுறையாவது ஓடி, “உன் நிறம் இது” என்று சொல்ல வேண்டும். இது வினாடிக்கு 60 தடவை நடக்கிறது. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு.

இந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டு அதனிடம் நேரே பேசுவதில்லை, இடையில் ஒரு கட்டளை மொழி இருக்கிறது. அதை ‘வரைமொழி’ என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோசாப்ட் 1996இல் வெளியிட்ட டைரக்ட்3டி ஒரு வரைமொழி. அது விண்டோஸுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் உரியது. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் 1992இல் தொடக்கிய ஓப்பன்ஜிஎல் இன்னொன்று. லினக்ஸில் நெடுங்காலம் வழங்கியது இதுதான். பெரும்பாலான கணினி விளையாட்டுகள் முதலாவதில் எழுதப்படுகின்றன. அவற்றை லினக்ஸில் ஓடச் செய்வதை, அதாவது போர்ட் செய்வதை, இனி ‘பெயர்த்தல்’ என்போம்.

மாமாங்கக் குளக்கரையில் ஒரு கணக்கு

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தக்குளத்தில் ஆடி அமாவாசைக்கு மூழ்கியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். படியில் நின்று குனிந்து பார்த்தால் நீருக்குள்ளே கால்விரல் தெரியும். தலையை நிமிர்த்தி எதிர்க்கரைப் பக்கம் பார்த்தால் நீருக்குள் எதுவும் தெரியாது, வானமும் மரமும்தான் தெரியும். குளம் ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். பார்வை நீரைத் தொடும் சாய்வு மட்டும் மாறியிருக்கிறது. வாவியில் வீச்சுவலை எறிபவர் தோணிக்கு அருகே மட்டும் மீனைத் தேடுவதற்கும் இதுதான் காரணம்.

இதற்குக் கணக்குத் தந்தவர் பிரான்சு நாட்டின் ஒகுஸ்தான் ஃபிரெனெல். 1820களில் அவர் கண்ட விதியைக் குளக்கரையில் போட்டுப் பார்ப்போம். உங்கள் கண் நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது என்று கொள்வோம். நேரே காலடியைப் பார்க்கும்போது அந்த இடத்து நீர் தன்மேல் விழும் ஒளியில் 2 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே போகிறது, அதனால் அடி தெரிகிறது. 2.6 மீட்டர் தள்ளிப் பார்த்தால் திரும்பும் ஒளி 6 சதவீதம். இன்னும் பெரிய மாற்றமில்லை. எட்டரை மீட்டர் தூரத்தில் அது 35 சதவீதமாகிவிடுகிறது. 17 மீட்டரில் 58. அதற்கப்பால் குளம் மெல்ல மெல்ல முழுக் கண்ணாடியாகிறது.

இந்த எண்களைப் பாருங்கள், ஏற்றம் சீராக இல்லை. நெடுநேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டுப் பின்பு சட்டென்று எழுகிறது. நம் கண் பிறந்த நாள் முதல் இந்த ஏற்றத்தைப் பார்த்துப் பழகியது. அது இல்லாத பரப்பை, எவ்வளவு அழகாக வர்ணம் தீட்டினாலும், தண்ணீர் என்று நம்ப மறுக்கிறது. விளையாட்டுத் தண்ணீரின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. அலை, நுரை, நிறம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஃபிரெனெலின் முழுக் கணக்கையும் 20 லட்சம் புள்ளிகளுக்கு அறுபது தடவை போடுவது பழைய கார்டுகளுக்குப் பெரும் சுமை. 1994இல் கிறிஸ்தோஃப் ஷ்லிக் ஒரு குறுக்குவழி சொன்னார். பார்வையின் சாய்வைக் குறிக்கும் ஒரு எண்ணை அதனாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி ஐந்தாம் அடுக்குக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ அதே விடை வரும். எட்டரை மீட்டர் இடத்தில் உண்மை 35 என்றால் இவர் வழியில் 40 வருகிறது. கண் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. இன்றும் விளையாட்டுகளின் நிறநிரல்களில் ஓடுவது பெரும்பாலும் அவருடைய குறுக்குவழிதான்.

நீருக்கடியில் இன்னொரு கண்

எவ்வளவு ஒளி திரும்பும் என்பது தெரிந்துவிட்டது. திரும்பும் ஒளியில் என்ன படம் இருக்கும்?

இதற்குப் பழையதும் எளியதுமான ஒரு வழி உண்டு. உங்கள் கண் நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், நீருக்கு ஒன்றரை மீட்டர் கீழே இன்னொரு கண்ணை வைத்து, அங்கிருந்து மேலுலகைப் பார்க்கச் சொல்வது. அந்தக் கண்ணுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சேறும் படியும் தெரியக்கூடாது, அவற்றை வெட்டிவிட வேண்டும். கிடைக்கும் படத்தைத் திரைக்கு அனுப்பாமல் கார்டின் நினைவகத்தில் மறைவாக வைக்கிறார்கள். இது முதல் மறைபடம், பிரதிபலிப்புக்கு. அதேபோல் குளத்தின் அடியை மட்டும் வரைந்து இரண்டாவது மறைபடம். பிறகுதான் திரைக்குரிய படம். நீர்ப்புள்ளி ஒவ்வொன்றிலும் நிறநிரல் இரண்டு மறைபடங்களையும் எடுத்து, நாம் மேலே போட்ட சதவீதப்படி கலக்கிறது. காலடியில் அடிப்படம் 98 பங்கு, எதிர்க்கரையில் பிரதிபலிப்பே பெரும்பங்கு.

ஆடியில் கச்சான் காற்று வீசுகிறதல்லவா? அதற்கும் ஒரு வழி உண்டு. சிற்றலைகளின் சாய்வைப் பதிந்த இன்னொரு படத்தை நீரின்மேல் நகர்த்திக்கொண்டே, மறைபடத்திலிருந்து எடுக்கும் இடத்தைச் சற்று இடமும் வலமும் தள்ளுவார்கள். எதிர்க்கரைத் தென்னை நெளிகிறது.

2004இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ நீரைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அது ஏறத்தாழ இந்த வழியில் பிறந்த நீர்தான். அந்த விளையாட்டு லினக்ஸுக்கு வந்தது 2013இல். இடையில் ஒன்பது வருடம்.

தென்னை ஏன் நிமிர்ந்தது?

இப்போது அந்தக் குளத்தை அப்படியே லினக்ஸுக்குப் பெயர்ப்போம். திரையில் 1080 வரிசைகள். மேலிருந்து எண்ணினால் எதிர்க்கரையின் நீர்விளிம்பு 220ஆம் வரிசையில் இருக்கிறது. கரையில் ஒரு தென்னை. அதன் பிரதிபலிப்பு 220இல் அடிமரமாகத் தொடங்கிக் கீழே இறங்கி, 320இல் ஓலை வட்டாக முடிய வேண்டும்.

டைரக்ட்3டி ஒரு படத்தின் வரிசைகளை மேலிருந்து எண்ணுகிறது. ஓப்பன்ஜிஎல் கீழிருந்து எண்ணுகிறது. இரண்டிலும் பிழை இல்லை, இரண்டு வழக்கங்கள், அவ்வளவுதான். பெயர்ப்பவர் இதைக் கவனிக்காமல் விட்டால், நிறநிரல் “மறைபடத்தில் 220ஆம் வரிசையை எடு” என்று கேட்கும்போது கார்டு கீழிருந்து 220ஐ எடுத்துக் கொடுக்கும். விளைவைக் கணக்குப் பார்க்கலாம். தென்னையின் அடிமரம் 1080இலிருந்து 220ஐக் கழித்த இடத்தில், அதாவது 860ஆம் வரிசையில் வந்து நிற்கும். வட்டு 1080இலிருந்து 320ஐக் கழித்து 760இல். வட்டு மேலே, அடி கீழே. எதிர்க்கரையில் இருக்க வேண்டிய மரம் உங்கள் காலடி நீருக்குள் தலைநிமிர்ந்து நிற்கிறது. அதன் உண்மையான இடத்தில் தலைக்குமேல் இருந்த வெறும் வானம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் அந்தப் பெயர்ப்பில் கோயில் சுவர் சரியாக இருக்கும், மனிதர் முகமும் சரியாக இருக்கும். நீரும் நிழலும் மட்டும் கெடும். இதை முதலில் பார்ப்பவர்கள் மிகவும் குழம்பிப்போகிறார்கள். சுவரின் கல் ஓவியன் வரைந்து கோப்பில் வைத்த படம். அதை முதல் வரிசையிலிருந்து ஏற்றி முதல் வரிசையிலிருந்தே படிப்பதால், எந்த வழக்கமானாலும் முரண்பாடு தானாகக் கழிந்துவிடுகிறது. மறைபடமோ கார்டே வரைந்து கார்டே திரும்பப் படிப்பது. வரையும் திசையும் படிக்கும் திசையும் முரண்படும் இடம் அதுதான். ஆகவே விளைவுகள் என்று நாம் சொல்லும் பிரதிபலிப்பு, நிழல், ஒளிக்கசிவு போன்றவைதான் பெயர்ப்பில் முதலில் விழுகின்றன. அவை எல்லாம் மறைபடங்களின் பிள்ளைகள்.

திருத்தம் ஒரே ஒரு கழித்தல். அதை எந்த எந்த இடத்தில் போடுவது என்று கண்டுபிடிப்பதில்தான் பெயர்ப்பவரின் நாட்கள் கழிகின்றன. ஒரு பெரிய விளையாட்டில் ஆயிரக்கணக்கான நிறநிரல்கள் இருக்கலாம். சிலவற்றில் கழிக்க வேண்டும், சிலவற்றில் கழிக்கக் கூடாது. எல்லாம் சரியாக அமைந்தால் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. இந்தத் தொழிலில் செய்த வேலைக்குத் தடயமே இருப்பதில்லை.

நீரின் ஆழத்திலும் இதே கதை நடக்கிறது. எங்கள் வாவிபோல் ஆழம் குறைந்த நீரில், அடிக்கும் மேல்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் நிறநிரல் நீரை மங்கலாக்குகிறது, கரையில் நுரைக்கோடு இடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம் என்பதை டைரக்ட்3டி 0 முதல் 1 வரை குறிக்கிறது. ஓப்பன்ஜிஎல் -1 முதல் 1 வரை. கவனிக்காவிட்டால் நுரைக்கோடு காணாமல் போகும், அல்லது குளமே நுரையாகிவிடும். இரண்டு வழக்கத்தையும் ஏற்கும் வசதி ஓப்பன்ஜிஎல்லுக்கு 2014இல்தான் வந்தது.

சில நேரம் காரணம் இதைவிடச் சாதாரணமானது. ஒரு கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சிறிய எழுத்தில் தொடங்கினாலும் விண்டோஸுக்கு ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். அலைப்படத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், நீர் அசைவற்றுப் போகும்.

சட்டம் மறைத்த பளபளப்பு

பிரதிபலிப்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று கொள்வோம். வெயில் நேரத்தில் வாவியைப் பாருங்கள், கண்கூசும் ஒளித்துளிகள் மேலே தெறிக்கும். அந்தத் துளி பக்கத்து நீரைவிடப் பல நூறு மடங்கு ஒளி கொண்டது. சாதாரண மறைபடத்தில் 0 கறுப்பு, 1 வெள்ளை, அதற்கு மேல் எண் கிடையாது. சூரியத்துளியும் வெள்ளைத் துணியும் ஒரே 1தான். துளி துணியைவிட ஒளிர வேண்டுமானால் 1ஐத் தாண்டிய எண்களையும் ஏற்கும் மறைபடம் வேண்டும்.

கார்டுகளுக்கு அது 2000களிலேயே முடிந்தது. ஆனால் அந்த வகைப் படத்துக்கான காப்புரிமை சிலிக்கான் கிராபிக்ஸிடம் இருந்தது. லினக்ஸில் கார்டை இயக்கும் திறந்த மென்பொருள் மெசா. பிரையன் பால் 1993இல் தனியாளாகத் தொடக்கியது. மெசாவில் இந்த வசதிக்கான நிரல் எழுதப்பட்டே இருந்தது, காப்புரிமைக்கு அஞ்சி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பரப்புப் படங்களைச் சுருக்கி வைக்கும் எஸ்3டிசி என்ற முறைக்கும் இதே கதி. விளையாட்டுகள் பெரும்பாலும் அந்த முறையில்தான் படங்களைச் சுருக்கி வைத்திருந்தன. அதன் காப்புரிமை 2017 அக்டோபரில் காலாவதியானது, மற்றது 2018இல். உடனே இரண்டும் மெசாவில் இயல்பாகவே திறக்கப்பட்டன.

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. கார்டுக்கு முடியும், நிரலும் எழுதி முடிந்தது, பயன்படுத்த ஆட்களும் இருக்கிறார்கள். ஆனாலும் பல வருடம் ஒரு பிள்ளையின் திரையில் வெயில் விழவில்லை. “லினக்ஸ் கேமுக்குச் சரிவராது” என்ற பெயர் இந்தக் காலத்தில்தான் வேர்விட்டது. விஞ்ஞானத்தின் குறையென்று நாம் எண்ணுவதில் பாதி இப்படிச் சட்டத்தின் குறையாக இருக்கும்.

நடுவே நின்று பெயர்ப்பவர்கள்

ஒவ்வொரு விளையாட்டையும் கையால் பெயர்த்தவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். 1998இல் தொடங்கிய லோகி நிறுவனம் அதையே தொழிலாகச் செய்து 2002இல் மூடப்பட்டது. அங்கே பணியாற்றிய ரையன் கார்டன் அதன்பிறகும் விடவில்லை, தனியாகப் பல விளையாட்டுகளைப் பெயர்த்தார். டைரக்ட்3டிக்கு எழுதிய நிறநிரல்களை ஓப்பன்ஜிஎல் நிறநிரல்களாக மாற்றும் ‘மோஜோஷேடர்’ அவருடைய படைப்பு.

2016 பிப்ரவரியில் வல்கன் என்ற புதிய வரைமொழி வந்தது. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒன்றாக வழங்குவது, கார்டுக்கு மிக அருகே பேசுவது. அடுத்த வருடம் ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற ஜப்பானிய விளையாட்டு வெளிவந்தது. பிலிப் ரெபோலே என்ற ஜெர்மானிய இளைஞர் அதை லினக்ஸில் விளையாட விரும்பினார். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ‘வைன்’ மென்பொருளில் அது ஒழுங்காக வரையப்படவில்லை. அவர் அந்த ஒரு விளையாட்டைத் திருத்துவதோடு நிற்கவில்லை. டைரக்ட்3டி கட்டளைகளை அந்தக் கணத்திலேயே வல்கன் கட்டளைகளாக மாற்றும் இடைமென்பொருளை எழுதத் தொடங்கினார். டிஎக்ஸ்விகே என்பது அதன் பெயர். 2018இல் வால்வ் அவரை வேலைக்கு அமர்த்தியது. அந்த ஆகஸ்டில் வைனையும் இதையும் சேர்த்து ‘புரோட்டான்’ வெளிவந்தது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கணினி லினக்ஸில் ஓடுகிறது. அதில் விளையாடுகிறவர்களில் பலருக்கு அது லினக்ஸ் என்றே தெரியாது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் கனடா வாழ்க்கையைச் சமையல் வழியே சொல்லும் ‘வெண்பா’ விளையாட்டை டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. அது விண்டோஸுக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் செய்யப்பட்டது. லினக்ஸ்காரர் ஒருவர் அதைத் திறக்கும்போது புரோட்டான் வழியாகத்தான் திறக்கிறார்.

பெயர்ப்பு இப்படி ஓடும்போதே நடப்பதால் ஒரு சிரமம் மீதியிருந்தது. புதிதாக ஒரு நீர்நிலை திரையில் வந்ததும் அதன் நிறநிரலை வல்கனுக்கு மாற்றி, பிறகு உங்கள் கார்டுக்கு ஏற்பக் கோக்க, அதாவது கம்பைல் செய்ய, வேண்டும். அதற்குள் அறுபதில் ஒரு பங்கு வினாடி கடந்துவிடும், படம் ஒரு கணம் திக்கும். இரண்டு வழிகளில் இதைச் சமாளித்தார்கள். கோத்து முடித்த நிறநிரல்களை முன்கூட்டியே பயனரின் கணினிக்கு அனுப்பிவிடுவது ஒன்று. நிறநிரலின் பாகங்களைத் தனித்தனியே முன்பே தயாராக்கி, தேவையானபோது சட்டென்று பொருத்துவது மற்றொன்று. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 இந்த இரண்டாவதைக் கைக்கொண்டது.

உங்கள் கையால் ஒரு வாவி

இவற்றையெல்லாம் நேரில் பார்க்க நல்ல இடம் ‘0 ஏ.டி.’ என்ற இலவச வரலாற்று விளையாட்டு. 2009இல் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. லினக்ஸிலும் விண்டோஸிலும் நேராகவே ஓடும். அதன் அமைப்புகளில் நீருக்கான விளைவுகளை ஒவ்வொன்றாக அணைக்கலாம். பிரதிபலிப்பை அணைத்தால் முதல் மறைபடம் போய்விடும், கரை மரங்கள் நீரிலிருந்து மறையும். ஒளிவிலகலை அணைத்தால் அடிப்படம் போகும், கரையோர நீர் கெட்டியாகிவிடும். இரண்டையும் அணைத்தால் நாம் தேடிவந்த அந்த நீலப் பரப்பு. ஒவ்வொரு முறையும் வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மறைபடத்துக்கும் உங்கள் கார்டு கொடுக்கும் விலை தெரிந்துவிடும்.

அதோடு வரும் ‘அட்லஸ்’ என்ற நிலவரைவு மென்பொருளில் நீரின் மட்டம், நிறம், அலையின் அளவு, காற்றின் திசை, கலங்கல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. 56 கிலோமீட்டர் நீளும் மட்டக்களப்பு வாவியை முழுதாகச் செய்ய முடியாது, கண்டல் ஓரத்துத் துண்டொன்றைச் செய்யலாம். கலங்கலைக் குறைத்தால் கோடைக்கால நீர். மாரி மழைக்குப் பிறகு ஆற்று மண் கலந்து வரும் நீர் வேண்டுமானால் கலங்கலை ஏற்றி, நிறத்தைப் பழுப்பாக்கி, காற்றை வடகிழக்கிலிருந்து வரச் சொல்லுங்கள். அடி காலருகிலும் தெரியாமல் போகும். எட்டரை மீட்டருக்கு அப்பால் வானம் மட்டும் அப்படியே இருக்கும், ஏனெனில் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளிக்கு உள்ளே இருக்கும் சேற்றோடு தொடர்பில்லை.